முன்னால் சொல்லும் எச்சரிக்கையும் பின்னால் எழுதும் தீர்ப்பும்

“முள்ளில் சேலை விழுந்தாலும் சேலையில் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்” என்பது ஒரு பழமொழி. “ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா?” என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருவதைக் கேட்டிருக்கிறோம். இரண்டும் ஒன்றையே சொல்வதாகவும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் முதலாவது, ஏதும் நடப்பதற்கு முன் சொல்லப்படுவது. தவறு யார் மீது என்ற பேச்சே அதில் கிடையாது. அடி யாருக்கு விழும் என்று மட்டும் கணக்குப் பார்க்கிறது. இரண்டாவது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்லப்படுவது. அது கணக்கு அல்ல, தீர்ப்பு. அதுவும் குற்றம் நடக்கவே இல்லை என்ற தீர்ப்பு.

பாலியல் வன்கொடுமை பற்றிய விவாதங்களில் ‘தனிமனிதப் பொறுப்பு’ என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம், முதலாவதைப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதில் போய் இறங்கிவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. பேசுகிறவர்கள் பலருக்கு அந்த இறக்கம் தெரிவதுகூட இல்லை.

பொறுப்பை வலியுறுத்தும் தரப்பை அதன் வலுவான வடிவிலேயே கேட்டுவிடுவது நல்லது. “செய்தவன்தான் குற்றவாளி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உலகம் இப்படித்தானே இருக்கிறது? அது திருந்தும்வரை என் மகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஆபத்து எங்கே என்று சொல்வதே பழி சுமத்துவது என்றால் நான் வாயைத் திறக்கவே கூடாதா?” இப்படிக் கேட்பவர் கொடியவர் அல்ல, பெரும்பாலும் பயந்துபோன ஒரு தாய் அல்லது தகப்பன். இந்தக் கேள்வியை ‘பிற்போக்கு’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கித் தள்ளுவது நேர்மையும் அல்ல, பயனும் அல்ல. எச்சரிக்கையே கூடாது என்பது யாரும் வாழ்ந்து காட்டாத கொள்கை. அதை மேடையில் முழங்குகிறவர்களும் இரவில் தோழி பத்திரமாக வீடு சேர்ந்தாளா என்று தொலைபேசியில் விசாரிக்கத்தான் செய்கிறார்கள்.

பிறகு வருகிறது பூட்டு. வீட்டைப் பூட்டாமல் போனால் திருடன் வரத்தானே செய்வான் என்ற ஒப்புமை இல்லாமல் இந்த விவாதம் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு நிமிடம் அதையே எடுத்துக்கொள்வோம். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன வீட்டில் திருடியவன் பிடிபட்டால், ‘கதவு திறந்திருந்தது, ஆகவே நகையை எனக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்’ என்று அவன் வாதாட முடியாது. வீட்டுக்காரர் போன வருடம் நண்பருக்குக் கடன் கொடுத்தார் என்பதைச் சாட்சியமாகக் கொண்டுவந்து, ‘இவர் பொருளை வாரி வழங்கும் குணமுடையவர்’ என்று நிரூபிக்க யாரும் முயல்வதில்லை. அவர் கவனக்குறைவானவர் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள்; அவ்வளவுதான். திருட்டு திருட்டாகவே இருக்கும். பாலியல் குற்றத்தில் மட்டும் கவனக்குறைவு சம்மதமாக உருமாறுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பூட்டுவதற்கு ஒரு நொடி போதும், வாழ்க்கை அதனால் சுருங்குவதில்லை. இங்கே பூட்டச் சொல்வது வேலையை, படிப்பை, நட்பை, மாலை நேரத்தை, சில சமயம் சொந்த வீட்டின் ஒரு அறையை.

காரணம் என்பதும் பொறுப்பு என்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டத் தத்துவம் வெகுநாளாகவே பேசிவருகிறது. ஹெச். எல். ஏ. ஹார்ட், டோனி ஆனரே இருவரும் 1959-இல் சட்டத்தில் காரணம் என்பது பற்றி எழுதிய நூலில் ஒரு கருத்தை விரிவாக நிறுவினார்கள்: ஒரு நிகழ்ச்சிக்கு முன் ஆயிரம் சூழ்நிலைகள் இருக்கலாம், ஆனால் இடையில் இன்னொரு மனிதர் தெரிந்தே, தன் விருப்பப்படி, வேண்டுமென்றே ஒன்றைச் செய்தால், விளைவுக்கான சங்கிலி அந்தச் செயலிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த விருந்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஊரில் பிறக்காமல் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையைக் காரணமாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நம் தீர்ப்பு முன்கூட்டியே புகுந்துவிடுகிறது.

இந்தக் குழப்பம் பணக்கணக்காகவே மாறிய ஒரு நிகழ்வு உண்டு. பிரிட்டனில் குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் அரசு அமைப்பு, வல்லுறவுக்கு ஆளான பெண்கள் சிலருக்கு, அவர்கள் மது அருந்தியிருந்தார்கள் என்ற காரணத்தைக் காட்டி, தொகையில் 25 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது 2008-இல் வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விதியைத் தவறாகப் பயன்படுத்திவிட்டோம் என்று அமைப்பே ஒப்புக்கொண்டது. கால்பங்கு குற்றம் அவளுடையது என்று ஒரு குமாஸ்தா கோப்பில் எழுத முடிந்திருக்கிறது. வாய்ப்பேச்சில் ‘அவளும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்’ என்கிறோமே, அதை எண்ணில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு வெளிப்படையான பிழையை நல்லவர்களும் ஏன் மறுபடி மறுபடி செய்கிறார்கள்? இதற்கான விடைகளில் முக்கியமானது 1966-இல் உளவியலாளர்கள் மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ் இருவரும் நடத்திய ஆய்வு. கல்லூரி மாணவிகளை அழைத்து, இன்னொரு மாணவி ஒரு கற்றல் சோதனையில் தவறு செய்யும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெற்றுத் துடிப்பதைப் பார்க்க வைத்தார்கள். அதிர்ச்சி உண்மையானது அல்ல, அவள் நடித்தாள். பார்த்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு குழுவுக்கு, அவளை அந்த வேதனையிலிருந்து விடுவித்து, சரியான விடைக்குப் பணம் கிடைக்கும் சோதனைக்கு மாற்றும் வாய்ப்பு தரப்பட்டது. அநேகமாக எல்லோரும் மாற்றினார்கள். அவளைப் பற்றி அவர்கள் தாழ்வாகப் பேசவும் இல்லை. இன்னொரு குழுவிடம், வேதனை தொடரும், நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டது. அவர்கள்தான் அவளை விரும்பத்தகாதவளாக, மதிப்புக் குறைந்தவளாக மதிப்பிட்டார்கள். இதில் மனத்தை உறுத்தும் பகுதி கடைசியில் வருகிறது. பார்ப்பவர்களுக்கு அவர்களுடைய பாடத்திட்ட மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவள் வேதனைக்குச் சம்மதித்ததாகச் சொல்லப்பட்ட குழுவில்தான் இழித்துரைத்தல் மிகக் கூடுதலாக இருந்தது. அவளுடைய நல்ல குணமே அவளுக்கு எதிராகப் போயிற்று.

உலகம் நியாயமானது, அவரவர் வினைக்கு ஏற்றதே அவரவருக்கு வரும் என்ற நம்பிக்கை நம்மை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது என்பது லெர்னரின் விளக்கம். குற்றமற்ற ஒருவர் வதைபடுவதைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. உதவ முடிந்தால் உதவி அதைச் சரிசெய்துகொள்கிறோம். முடியாவிட்டால், பாதிக்கப்பட்டவரைக் குற்றமுள்ளவராக்கி அதைச் சரிசெய்துகொள்கிறோம். ஆகவே பழி சுமத்துவது பல நேரங்களில் வெறுப்பிலிருந்து வருவதில்லை, பயத்திலிருந்து வருகிறது. ‘அவள் செய்ததை நான் செய்ய மாட்டேன், ஆகவே அவளுக்கு நடந்தது எனக்கு நடக்காது’ என்ற ஆறுதல் அது. பெண்களே பெண்களைக் கடுமையாகப் பேசும் இடங்களில் இந்த ஆறுதலின் வேலையைத் தெளிவாகப் பார்க்கலாம். ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

இதோடு சேர்ந்து வேலை செய்வது, முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும் மயக்கம். உளவியலாளர் ரானி ஜானோஃப்-புல்மனும் இரு சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து கழித்த ஒரு மாலையை விவரிக்கும் கதை வாசிக்கக் கொடுக்கப்பட்டது. கதை எல்லோருக்கும் ஒன்றுதான்; கடைசி வரி மட்டும் வேறு. சிலருக்கு அது சாதாரணமாக முடிந்தது, சிலருக்கு வல்லுறவில் முடிந்தது. வல்லுறவு முடிவை வாசித்தவர்களுக்கு, அந்தப் பெண் அதுவரை செய்த அதே செயல்கள் பழிக்குரியவையாகத் தோன்றின. இப்படித்தான் முடியும் என்று முன்பே ஊகித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் குழுவில் ஒருவரான லிண்டா கார்லி பின்னர் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று: ஒரே கதை ஒரு குழுவுக்குத் திருமணக் கோரிக்கையிலும் இன்னொரு குழுவுக்கு வல்லுறவிலும் முடிந்தது. பிறகு கதையை நினைவுகூரச் சொன்னபோது, கதையில் இல்லாத விவரங்களை, முடிவுக்குப் பொருந்தும்படி, இருந்ததாகவே வாசகர்கள் நினைவுகூர்ந்தார்கள். ‘அப்போதே எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணின் போக்கே சரியில்லை’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் நினைவிருக்கலாம்.

மதுவைப் பற்றிய தீர்ப்பில் தராசு இரண்டு பக்கமும் கோணுகிறது. டெபோரா ரிச்சர்ட்சன், ஜெனிஃபர் கேம்பல் இருவரின் 1982 ஆய்வில், குடித்திருந்த பெண் மீது பழி கூடியது. குடித்திருந்த ஆண் மீது பழி குறைந்தது. ஒரே போதை ஒருத்திக்குக் குற்றச்சாட்டு, ஒருவனுக்கு மன்னிப்பு. தனிமனிதப் பொறுப்பு என்ற கொள்கையை உண்மையாகவே நம்புகிறவர் முதலில் கோபப்பட வேண்டிய இடம் இது. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது அந்த ஆணுக்கல்லவா முதலில் பொருந்த வேண்டும்?

கல்விப்புலமும் இதில் கை கழுவிவிட முடியாது. மெனாகெம் அமீர் என்ற குற்றவியலாளர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா காவல்துறைக் கோப்புகளிலிருந்து 646 வல்லுறவு வழக்குகளை ஆராய்ந்து 1971-இல் நூலாக வெளியிட்டார். அவற்றில் 19 சதவீதத்தைப் ‘பாதிக்கப்பட்டவரே தூண்டியவை’ என்று வகைப்படுத்தினார். தூண்டுதல் என்றால் என்ன? முதலில் சம்மதித்துப் பிறகு மறுத்தது, போதுமான வலுவோடு எதிர்க்காதது, அழைப்பாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய பேச்சு அல்லது சைகை. யார் புரிந்துகொள்ள? குற்றவாளி. அதாவது அவனுடைய பார்வை அளவுகோலாக உயர்த்தப்பட்டது. அதே நூலில், பெரும்பாலான வல்லுறவுகள் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை என்ற கண்டுபிடிப்பும் இருந்தது. திட்டமிட்டு வந்தவனைத் தூண்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியைப் பெண்ணிய விமர்சகர்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அதே 1971-இல் வில்லியம் ரையன் என்ற உளவியலாளர், ஏழைகளின் வறுமைக்கு ஏழைகளின் குணத்தையே காரணம் காட்டும் போக்கைச் சாடி எழுதிய நூல்தான், பாதிக்கப்பட்டவரையே பழிப்பது என்ற தொடரைப் பொதுவழக்கில் பரப்பியது. பாலியல் குற்றங்களுக்கு அந்தத் தொடர் பின்னர் வந்து சேர்ந்தது.

நீதிமன்றங்களின் கதை இதைவிட நீளம். வல்லுறவுக் குற்றச்சாட்டு சுமத்துவதற்கு எளிது, மறுப்பதற்குக் கடினம் என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி வைத்த கருத்து, ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் 20-ஆம் நூற்றாண்டு வரை நீதிபதிகளின் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க அனுமதித்தது. 1872-இல் எழுதப்பட்ட அந்த வரி நீக்கப்பட்டது 2003-இல்தான். இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இறுக்கமான ஜீன்ஸை அணிந்தவரின் ஒத்துழைப்பு இல்லாமல் கழற்றவே முடியாது என்று சொல்லி ஒரு தண்டனையை ரத்து செய்தது 1999-இல் வெளியானபோது, அந்நாட்டுப் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜீன்ஸ் அணிந்தே அவைக்கு வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் 2008-இல் கைவிட்டது. ஆனால் பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடுமா? அதே நாட்டின் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், புகார் கொடுத்தவர் அணிந்திருந்த சிவப்பு உள்ளாடையையும் அவருடைய அந்தரங்க வாழ்க்கையையும் தீர்ப்பில் எழுதி, குற்றம் சாட்டப்பட்டவர்களை 2015-இல் விடுவித்தது. 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தீர்ப்பின் மொழியே அவருக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது தீங்கு என்று கண்டித்தது.

‘ஏன் கத்தவில்லை, ஏன் போராடவில்லை?’ என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பத்தி தர வேண்டும். ஏனென்றால் அது நியாயமான கேள்விபோல ஒலிக்கிறது. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளானோருக்கான அவசர மருத்துவமனைக்கு, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. தாக்குதலின்போது உடல் தன் கட்டுப்பாட்டை இழந்து உறைந்துபோன நிலையை 70 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவிலும், 48 சதவீதத்தினர் மிகத் தீவிரமாகவும் அனுபவித்திருந்தார்கள். கையை அசைக்க நினைத்தும் முடியாது, குரல் எழாது. வேட்டையாடப்படும் விலங்குகளிடமும் காணப்படும், மூளை தானாகவே இயக்கும் எதிர்வினை இது. அதில் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் இடமில்லை. அப்படி உறைந்துபோனவர்களுக்குப் பிற்பாடு மன அதிர்ச்சி நோயும் மனச்சோர்வும் கூடுதலாக வந்தன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உடல் எதிர்ப்பு இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பல்கேரியா தொடர்பான வழக்கில் 2003-இலேயே சொல்லிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013 திருத்தம் அதை எழுத்திலேயே சேர்த்தது. வீட்டுக்கூடங்களில் மட்டும் கேள்வி பழையபடியே இருக்கிறது. ஆண்கள் பாதிக்கப்படும்போது இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆண் என்றால் தடுத்திருக்க முடியும் என்ற எண்ணத்தால், பலர் சாகும்வரை யாரிடமும் சொல்வதே இல்லை.

சரி, எச்சரிக்கைக்கு வருவோம். எச்சரிக்கை வேண்டும் என்றே வைத்துக்கொண்டால், வழக்கமாகச் சொல்லப்படுவது சரியான எச்சரிக்கைதானா? இரவில் போகாதே, தனியாகப் போகாதே, இந்த உடை வேண்டாம், அறிமுகமில்லாதவரிடம் பேசாதே. இந்தப் பட்டியலின் பின்னால் நிற்கும் குற்றவாளி, இருட்டில் மறைந்திருக்கும் அந்நியன். பதிவுகளில் தென்படும் குற்றவாளி வேறு ஆள். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், பதிவான வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கணவர் அல்லது துணைவரின் கையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள் நான்கு பெண்களில் ஒருவருக்கும் சற்று மேல். துணைவர் அல்லாத ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 6 சதவீதம். ஆக, வழக்கமான எச்சரிக்கை பெண்ணைத் தெருவிலிருந்து விரட்டி, ஆபத்து கூடுதலாக உள்ள இடத்துக்கே அனுப்பிவைக்கிறது. உறவினரை, ஆசிரியரை, நண்பரை, கணவரைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அப்படிப் பேசினால் குடும்பத்துக்குள் சங்கடம் அல்லவா வந்துவிடும். பாதுகாப்புக்காகச் சொல்லப்படுவதைவிட, கட்டுப்பாட்டுக்காகச் சொல்லப்பட்டுப் பாதுகாப்பின் பெயரைச் சூட்டிக்கொண்ட அறிவுரைகளே அதிகம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அப்படியானால் பயன்தரும் எச்சரிக்கை என்று ஒன்று உண்டா? உண்டு, இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி இது. கனடாவின் சார்லீன் சென்னும் சகாக்களும் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். மற்றப் பிரிவுக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு வகுப்புகள், மொத்தம் 12 மணி நேரம். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, வல்லுறவுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம். முயற்சியோடு நின்றவை 9.3-இலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தன. ஏறத்தாழப் பாதி. 2015-இல் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான இந்த முடிவு, ‘எச்சரிக்கை எதற்கும் உதவாது’ என்பவர்களையும் ‘நாங்கள் சொன்னோமே’ என்பவர்களையும் ஒருசேரத் திகைக்க வைக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த வகுப்புகளில் உடையைப் பற்றி, நேரத்தைப் பற்றி அறிவுரை எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்தது வேறு. தெரிந்த ஒரு ஆண் பேச்சைப் படிப்படியாக நெருக்கிக்கொண்டு வருவதை எப்படி அடையாளம் காண்பது. ‘நல்லவராயிற்றே, இப்படி நினைக்கலாமா’ என்று தன் மனமே போடும் தடையை எப்படித் தாண்டுவது. நட்பு கெட்டுவிடுமோ, மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம்தான் பல பெண்களைக் கட்டிப்போடுகிறது. உரத்த குரலாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது. கடைசியாக, தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைத் தானே அறிந்து சொல்வது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. பயிற்சி பெற்றவர்கள் வல்லுறவு பற்றிய பொய்நம்பிக்கைகளைக் குறைவாக நம்பினார்கள், பாதிக்கப்பட்ட பெண்களைக் குறைவாகப் பழித்தார்கள். எச்சரிக்கையும் பழியும் ஒட்டிப் பிறந்தவை என்றால் இது நடந்திருக்கவே முடியாது. பொறுப்பைச் செய்தவன் மேல் முழுமையாக வைத்துவிட்டுத்தான் அந்த வகுப்பு தொடங்குகிறது. திறமையைக் கற்றுக்கொடுப்பது அதற்குப் பிறகு. கற்றுக்கொண்டும் ஒருத்தி பாதிக்கப்பட்டால் அவள் தேர்வில் தோற்றவள் ஆகிவிடுவதில்லை.

ஊர் பழிப்பதற்கு முன்பே தன்னைத் தானே பழித்துக்கொள்வது பலரிடம் நடக்கிறது. “அக்கா, நான் அந்த அறைக்குப் போயிருக்கவே கூடாது” என்று ஒரு தங்கை சொல்லும்போது, அக்காவுக்கு இரண்டு அவசரங்கள் வரும். ஒன்று, “ஆமாம், ஏன் போனாய்?” என்பது. மற்றது, “இல்லை இல்லை, நீ எதையும் மாற்றியிருக்க முடியாது” என்பது. முதலாவது கொடுமை என்று தெரியும். இரண்டாவதும் சிக்கல்தான்; எதையும் மாற்ற முடியாது என்றால் நாளைக்கும் அப்படித்தானே என்ற பயம் அதற்குள் இருக்கிறது. 1979-இல் ஜானோஃப்-புல்மன், ‘நான் இப்படிச் செய்துவிட்டேன்’ என்று செயலைப் பழிப்பதையும் ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று தன்னையே பழிப்பதையும் பிரித்துக் காட்டினார். முதல் வகை, எதிர்காலம் என் கையில் இருக்கிறது என்ற உணர்வைத் தந்து மீள உதவலாம் என்பது அவர் கருத்து. அழகான கருதுகோள், ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. பாட்ரிஷியா ஃப்ரேசியர் பாதிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் எழுதியது இதுதான்: நடந்ததை நான் தடுத்திருக்கலாம் என்ற எண்ணம் துன்பத்தைக் கூட்டுகிறது, இப்போது மீள்வது என் கையில் இருக்கிறது என்ற எண்ணம் துன்பத்தைக் குறைக்கிறது. கடந்துபோனதன் மீது தேடும் கட்டுப்பாடு வதைக்கிறது, இன்றைக்கு உள்ளதன் மீதான கட்டுப்பாடு தாங்குகிறது. தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்த விஷயத்தில் ஏதாவது நல்ல இடம் இருக்கிறது என்றால், அது இங்கேதான்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். லாரா நீமி, லியான் யங் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கப்பட்டவரை எழுவாயாக வைத்த வாக்கியங்களை வாசித்தவர்களைவிட, செய்தவனை எழுவாயாக வைத்த வாக்கியங்களை வாசித்தவர்கள் பாதிக்கப்பட்டவரைக் குறைவாகப் பழித்தார்கள். சம்பவம் ஒன்றுதான், வாக்கியம்தான் வேறு. ‘தனியாகச் சென்ற மாணவி வன்கொடுமைக்கு ஆளானார்’ என்ற தலைப்பில் செய்தவன் இல்லவே இல்லை. ‘தனியாகச் சென்ற’ மட்டும் முன்னால் நிற்கிறது. ‘மாணவியை வன்கொடுமை செய்தவர் கைது’ என்று எழுத இடமும் கூடுதலாகத் தேவைப்படாது.

கடைசியாக, கேள்விகளின் நேரம் பற்றி ஒன்று. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை, வல்லுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு முன்னால் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 5 நாள் வரை இடமுண்டு, ஆனால் ஒவ்வொரு நாளும் பலன் குறைகிறது. உடலிலும் உடையிலும் உள்ள தடயங்கள் மணிக்கணக்கில் அழிகின்றன. பாதிக்கப்பட்டவர் முதலில் வாயைத் திறப்பது மருத்துவரிடமோ காவல்துறையிடமோ அல்ல, பெரும்பாலும் வீட்டில் ஒருவரிடம் அல்லது ஒரு நட்பிடம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி ‘அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை?’ என்றால் பலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 72 மணி நேரமும் மௌனத்திலேயே கழிந்துவிடுகிறது. மருத்துவப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டுதலில் முதல் படி, குறுக்கிடாமல் கேட்பது. அடுத்தது இப்போது என்ன தேவை என்று விசாரிப்பது. பிறகு நம்புகிறேன், பழி உன்னுடையது அல்ல என்று சொல்வது. பின்னர் பாதுகாப்பும் தொடர் உதவியும். ஏன் போனாய் என்ற கேள்வி அந்த வரிசையில் எந்த இடத்திலும் இல்லை.